கூழுக்கு ஒரு கப், வெசாக் கூட்டுக்கு 24 குச்சி

வெள்ளவத்தை,
ஆடி 2

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். அப்பாவின் முழங்கால் நோ மட்டும் இந்த மழைக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது. நேற்றுக் கோயிலில் உன் பெயரிலும் மருமகன் பெயரிலும் பேரன் தம்பிக்குட்டி பெயரிலும் அர்ச்சனை செய்தோம்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டது இன்னும் மனதில் நிற்கிறது. "அம்மா, லீவு நாளில எங்களை வைச்சு நீங்கள் என்னதான் செய்தனீங்கள்? இவன் விடிஞ்சா பொழுதுபட்டா ஐபாடோட கிடக்கிறான்" என்றாய். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்ததால் ஒழுங்காகப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். போனில் சொல்வது பாதி காற்றோடு போய்விடும், அதனால் எழுதுகிறேன். ஆடிக்கூழ் எப்படிக் காய்ச்சுவது என்றும் கேட்டிருந்தாய். யோசித்துப் பார்த்தால் இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான்.

நேற்று ஆடிப்பிறப்பு. உனக்காகவே முதல்தடவையாகக் கப் வைத்து அளந்து காய்ச்சினேன். இவ்வளவு காலமும் கைக்கணக்குத்தான். அப்பா பக்கத்தில் கதிரை போட்டு இருந்து ஒவ்வொன்றாகக் கொப்பியில் எழுதினார்.

நாலு பேருக்கு வறுத்த பச்சையரிசி மா ஒரு கப். அதில் பாதியை உப்புப் போட்ட கொதிநீர் தெளித்துக் குழைத்து, கடலை அளவுக்குச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடி. கால் கப் பயறை வாசம் வரும்வரை வறுத்து, தோல் போக்கி, 4 கப் தண்ணீரில் அவியவிடு. பயறு மலர்ந்ததும் பல்லுப்பல்லாக வெட்டிய தேங்காய்ச் சொட்டுக் கால் கப் போடு. பிறகு தண்ணீர் நன்றாகக் கொதிக்கும்போது மா உருண்டைகளைப் போடு. போட்டவுடன் அகப்பை விட்டுக் கிண்டாதே, கரைந்துவிடும். வெந்தவை தாமாக மேலே மிதந்து வரும். மிச்சமுள்ள அரைக் கப் மாவை 2 கப் கப்பிப்பாலில், அதாவது இரண்டாம் தேங்காய்ப்பாலில், கட்டி இல்லாமல் கரைத்து ஊற்றி, அடிப்பிடிக்காமல் துழாவு. பனங்கட்டி ஒரு கப் சீவி, கொஞ்சச் சுடுநீரில் கரைத்து, வடித்து ஊற்று. பனங்கட்டியில் மண் இருக்கும், வடிக்காமல் விட்டால் பல்லில் கடிபடும். கடைசியாக முதற்பால் ஒரு கப், மிளகுதூள் சீரகத்தூள் அரை அரைத் தேக்கரண்டி, 3 ஏலக்காய். முதற்பால் விட்ட பிறகு ஒரு கொதி வந்தால் போதும், இறக்கிவிடு.

அந்த உருண்டை பிடிக்கிற வேலையைத் தம்பியிடம் கொடு. நீ முதல்தடவை பிடித்தபோது ஒன்று போளை அளவு, இன்னொன்று தேசிக்காய் அளவு. பெரியதெல்லாம் உள்ளே வேகவில்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் தன் கோப்பைக்குள் எடுத்துப்போட்டுச் சாப்பிட்டார். அடுத்த வருடம் நீயே சின்னதாகப் பிடித்தாய், யாரும் சொல்லித்தரவில்லை. பிள்ளைக்கு வேலை கொடுத்தால் உண்மையான வேலையாகக் கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். விளையாட்டு மா கொடுத்து ஒரு மூலையில் இருத்திவிட்டால் அதைப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். தான் பிடித்த உருண்டை எல்லாருடைய கோப்பையிலும் வருகிறது என்று தெரிந்தால் அவன் எழும்பிப் போக மாட்டான்.

கூழைக் கரண்டியால் குடிக்காதீர்கள். பிலாவிலையைக் கோலி, காம்புப் பக்கத்தில் ஈர்க்கால் ஒரு குத்துக் குத்தினால் அதுவே கரண்டி. ரொறன்ரோவில் பிலாவிலைக்கு எங்கே போவாய்? பாண் சுற்றி வருகிற மெழுகுத்தாளை இலை மாதிரி வெட்டி, அதே விதமாகக் கோலிப் பல்லுக்குச்சியால் குத்து. ஒன்றிரண்டு ஒழுகும், பரவாயில்லை. பழைய துணி ஒன்றை மடியில் விரித்துவிட்டுக் குடிக்கட்டும்.

பிள்ளை, இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தக் கூழ் உனக்குத் தெரியாமல் போனதற்கு நான்தான் காரணம். நீ ஓ.எல். சோதனை எடுத்த வருடத்திலிருந்து நான் உன்னைக் குசினிப் பக்கம் விடவில்லை. வெங்காயம் உரிக்க வந்தாலும் "போய்ப் படி" என்று கலைத்தேன். ஊரை விட்டு ஓடிவந்தவர்களுக்குப் படிப்பு ஒன்றுதான் கையில் இருக்கிறது என்ற பயம் எனக்கு. நீ நன்றாகப் படித்தாய், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் கதவடியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாயே, அந்த முகம் எனக்கு இப்போதும் தெரிகிறது. நீ தம்பியைக் கலைக்காதே.

இனி, லீவு நாளில் என்ன செய்தோம் என்ற கேள்வி. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து எல்லாரோடும் சேர்ந்து வெளிக்கிட்டு, அடுத்த வருடம் கொழும்புக்கு வந்து சேர்ந்தபோது உனக்கு 8 வயது. தம்பிக்கு இப்போது அதே வயது. ஒரே அறை, சின்னக் குசினி, வெளியே இறங்கினால் சோதனைச் சாவடி. அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இல்லாமல் அப்பா அப்போது கடைக்குக்கூடப் போவதில்லை. விளையாடப் போ என்று உன்னை எங்கே அனுப்புவது? அதனால் வீட்டுக்குள்ளேயே ஏதாவது செய்யப் பழகினோம். அவ்வளவுதான், பெரிய திட்டம் ஒன்றும் இருக்கவில்லை.

புத்தர் பெருநாளான வெசாக்குக்குக் கட்டுகிற காகித விளக்குக் கூடு ஞாபகம் இருக்கிறதா? கீழ்வீட்டுச் சிங்கள அன்ரி தன் மகனோடு முற்றத்தில் கூடு கட்டிக்கொண்டிருந்தார். நீ படியில் இருந்து பார்த்தாய். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் நாலு மூங்கில் சலாகையும் கொஞ்ச நூலும் உன் கையில் தந்தார். உனக்குச் சிங்களம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. பொழுதுபடுவதற்கு முன்பே கூடு முடிந்துவிட்டது.

அதன் கணக்கு எனக்கு இப்போதும் வியப்புத்தான். ஒரே நீளத்தில் 24 குச்சி. நாலு நாலாகக் கட்டினால் 6 சதுரம். நாலு சதுரத்தை மூலையில் நிற்கிற மாதிரிப் பிடித்து, பக்கத்து மூலையோடு மூலை சேர்த்து வட்டமாகக் கட்டு. மேலே நீட்டிக்கொண்டு நிற்கிற நாலு மூலைக்கும் ஒரு சதுரம், கீழே உள்ள நாலு மூலைக்கும் ஒரு சதுரம். கட்டி முடித்துப் பார்த்தால் இடையில் 8 முக்கோணம் தானாக வந்திருக்கும். "அம்மா, நான் முக்கோணம் கட்டவே இல்லை, எங்கால வந்தது?" என்று கேட்டாய். திருப்பித் திருப்பி எண்ணினாய். அங்கே இறைச்சி வாட்டுகிற மூங்கில் குச்சி ஒரே நீளத்தில் பக்கெட்டாக விற்கும் அல்லவா? கூர்முனையை மட்டும் வெட்டிவிட்டு அதை எடு. முடிச்சுப் போடத் தெரியாவிட்டால் சின்ன றப்பர் பட்டி போதும். பசை கடையில் வாங்காதே. இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவை ஒரு கப் தண்ணீரில் கரைத்துச் சின்ன நெருப்பில் காய்ச்சினால் கண்ணாடி மாதிரி வரும். டிசு பேப்பர் மெல்லியது, பசையைக் குச்சியில் பூசு, பேப்பரில் பூசாதே. மேல் சதுரத்தை ஒட்டாமல் திறந்து விடு. மெழுகுதிரி வேண்டாம். எங்கள் இரண்டாவது கூடு கடல்காற்றில் திரி சரிந்து ஒரு நிமிடத்தில் எரிந்துபோனதும், நீ அன்றிரவு சாப்பிடாமல் படுத்ததும் மறந்திருக்க மாட்டாய். பற்றரி விளக்கு ஒன்று வை. வெசாக் வருவது பெரும்பாலும் மே மாதத்தில்தான், ஆனாலும் பிள்ளைக்கு ஆடியில் கட்டினால் என்ன குறை?

பயணம் என்றால் எங்களுக்குக் கல்கிசைக் கடற்கரைதான். வெள்ளவத்தை ஸ்டேசனில் ஏறினால் தெகிவளை, அடுத்தது கல்கிசை. பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் நீ முதல்நாளே சட்டையை எடுத்து வைத்துவிடுவாய். தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே கடல், இந்த ஆடிக் காற்றில் அலை கல்லில் அடித்தால் தூவானம் யன்னலுக்குள் வரும். நான் காலையிலேயே வாழையிலையை நெருப்பில் வாட்டி, சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் ஒரு முட்டையும் வைத்து மூன்று பார்சல் கட்டிவிடுவேன். இலையை வாட்டாமல் மடித்தால் கிழிந்துவிடும். வாட்டும்போது பச்சை கறுத்துப் பளபளக்கும், அதுதான் பதம். மத்தியானம் அவிழ்த்தால் இலை வாசம் முழுக்கச் சோற்றில் இருக்கும். அங்கே உறைந்த வாழையிலை தமிழ்க் கடையில் கிடைக்கிறதே, வாங்கிப் பார். ஒன்ராறியோ வாவிக்கரையில் இருந்து சாப்பிட்டாலும் அதே வாசம்தான்.

மிருகக்காட்சிச்சாலைக்கு ஒருமுறை போனோம், எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கொழும்பு நூதனசாலைக்கு மட்டும் மூன்று நாலு தடவை போனோம். 1877 இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடமும் முன்னால் உள்ள பெரிய மரங்களும் உனக்குப் பிடிக்கும். அங்கே ஒரு கல் இருக்கிறது, சீனக் கடலோடி செங் ஹ கொண்டுவந்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்டு வெட்டியிருக்கிறார்கள். சீன எழுத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்லியிருக்கிறது. 1911 இல் காலியில் வாய்க்கால் மூடியாகக் கிடந்ததைக் கண்டெடுத்தார்களாம். அப்பா இதையெல்லாம் மெல்லிய குரலில் விளங்கப்படுத்தினார். பழைய எழுத்து, எங்களுக்கே பிடிபடவில்லை. நீ குனிந்து 'ட'வையும் 'ப'வையும் கண்டுபிடித்தாய். பிறகு என் காதுக்குள் கேட்டாய்: "அம்மா, இஞ்ச தமிழைச் சத்தமா வாசிக்கலாமோ?"

பஸ்ஸில் தமிழில் பலமாகக் கதைக்காதே என்று நான்தான் உனக்குப் பழக்கியிருந்தேன். அந்தக் காலத்தில் வேறு வழி தெரியவில்லை. "வாசி பிள்ளை" என்று அப்பா சொன்னார். நீ "ட... ப... ட..." என்று அந்த மண்டபம் கேட்க வாசித்தாய். காவலாளி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், நீ காணவில்லை.

வருகிற மார்கழியில் நீங்கள் வந்தால் தம்பியை அங்கே கூட்டிப்போக வேண்டும். அதற்குள் 'அ'னாவில் தொடங்கி மெய்யெழுத்து வரைக்குமாவது எழுதப் பழக்கிவிடு. கூழ் காய்ச்சுகிற நாளில் மாவை மேசையில் பரப்பி விரலால் எழுதச் சொல். அப்படித்தான் உனக்கும் ஏடு தொடக்கினோம், அப்போது அரிசியில்.

ஐபாடைப் பறிக்காதே, பறித்தால் வீம்புதான் வரும். நீ குசினிக்குள் போகும்போது கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போ. ஒரு சுளகையோ தேங்காய்த் திருவலையையோ சத்தமாக எடு. அவன் வருவான். வந்தால் உடனே ஏதாவது கையில் கொடு. ஒவ்வொரு நாளும் வேண்டாம், நீயும் வேலைக்குப் போய்க் களைத்து வருகிறவள். சனிக்கிழமை ஒரு பின்னேரம் போதும்.

அடுத்த கிழமை மேல்வீட்டுக்காரர் கனடாவுக்குப் பயணம். அவரிடம் ஒரு பார்சல் தருகிறேன். பனங்கட்டி இரண்டு ஓலைக் குட்டான், வறுத்த அரிசி மா ஒரு கிலோ, பயறு அரைக் கிலோ, பிட்டு அவிக்கிற ஓலை நீத்துப்பெட்டி ஒன்று. மாவை இரண்டு பையில் இறுக்கிக் கட்டியிருக்கிறேன், வந்தவுடன் போத்தலில் கொட்டு. நீத்துப்பெட்டியை முதலில் ஒருக்கால் வெறும் ஆவியில் வை, ஓலை வாசம் போகட்டும். கூடு கட்டத் தம்பிக்கு அப்பா ஈர்க்குகளை ஒரே நீளத்தில் அளந்து வெட்டி, றப்பர் பட்டி போட்டுக் குட்டானுக்கு அடியில் வைத்திருக்கிறார். கை நடுங்குவதால் இரண்டு நாள் பிடித்தது. எண்ணிப் பார்க்கச் சொல், 25 வைத்திருக்கிறார், ஒன்று முறிந்தால் என்று.

கூழ் ஆறினால் இறுகும். அப்போது பால் விடாதே, கொஞ்சம் சுடுநீர் விட்டுக் கலக்கு.

அன்புடன்,
அம்மா