வளவுத் தண்ணீர்க் குழாயை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி

மனிடோபாவின் இன்டர்லேக் பகுதியில் உள்ள எங்கள் வளவில், கிணற்றிலிருந்து வீட்டுக்கு வரும் நிலத்தடிக் குழாய் மார்ச் மாதத்தில் உறைந்தபோது கைகொடுத்த அயலவர்களுக்கும் தொலைபேசியில் வழிகாட்டிய தமிழ் உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

"முதல்ல பம்பின்ர பிரேக்கரை நிப்பாட்டுங்கோ" என்ற அண்ணைக்கு முதல் நன்றி. குழாய் அடைபட்டதும் வீட்டுத் தாங்கியில் அழுத்தம் விழும். உடனே அழுத்தச் சுவிட்ச் பம்பை ஓடவிடும். தண்ணீர் போக வழியின்றிக் கிணற்றுக்குள் மோட்டார் சூடேறிக் கருகும்.

வெல்டிங் மிஷினால் குழாயில் கரண்ட் பாய்ச்சிச் சூடாக்கி உருக்கும் யோசனையைத் தடுத்த அயலவருக்கும் நன்றி. கறுப்புப் பொலித்தீன் குழாயில் கரண்ட் பாயாது. செம்புக் குழாயிலோ அது எர்த் கம்பி, எரிவாயுக் குழாய் என்று தடம் மாறித் தீ மூட்டக்கூடியது. நீராவியும் ஆகாது, 60 பாகை செல்சியசுக்கு மேல் பொலித்தீன் வலுவிழக்கும்.

பிளம்பர் செய்ததை விரிவாகவே எழுதுகிறோம், மற்றவர்களுக்கும் உதவும். நிலவறைச் சுவரருகே இணைப்பைக் கழற்றி ஒரு டீயை (T வடிவ மூவழி இணைப்பை) பூட்டினார். அதன் வழியே 1 அங்குலக் குழாய்க்குள் 3/8 அங்குல வெளிவிட்டமுள்ள மெல்லிய குழாயை நுழைத்து, சிறு பம்பால் 50 பாகைச் சுடுதண்ணீரைச் செலுத்தினார். திரும்பி வந்த தண்ணீர் டீயின் மறுகையால் வாளியில் விழுந்தது, ஆறியதும் மாற்றினார். முட்டும் இடத்தில் பலமாகத் தள்ளினால் மெல்லிய குழாய் மடியும். கட்டி கரையக் கரைய அது முன்னேறும். உள்ளே போன நீளத்தை அளந்தபோது அடைப்பு கார்ப்பாதைக்கு நேர்கீழே இருந்தது. ஸ்னோ என்ற போர்வையை வழித்தெடுத்த இடத்தில்தான் குளிர் ஆழமாக இறங்கும்.

தண்ணீர் வந்த பிறகும் மறுபடி உறையாமலிருக்க வீட்டுக்குள் ஒரு குழாயைத் திறந்து பென்சில் தடிப்பில் தண்ணீரை ஓடவிடச் சொன்னார். மேலே ஸ்னோ உருகினாலும் உறைமண் வசந்தத்திலும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். 2014இல் வினிபெக் நகரத்துக் குழாய்களும் அப்படித்தான் வசந்தத்திலும் உறைந்தன. ஆனால் நிமிடத்துக்கு 1 லீற்றர் என்றாலே நாளுக்கு 1440 லீற்றர் கழிவுத் தாங்கியில் சேரும். கேட்டபோதெல்லாம் வந்து அதை இறைத்த லொறிக்காரருக்கு எப்படி நன்றி சொல்வது!

கோடையில் பெக்கோக்காரர் கிண்டிப் பார்த்தபோது, அந்த இடத்தில் குழாய் 6 அடியில்தான் கிடந்தது. இங்கே 8 அடியாவது வேண்டும். குழாய்க்கு மேல் ஓரடி மணல் பரப்பி, 4 அடி அகலத்தில் குளிரைத் தடுக்கும் 2 அங்குல எக்ஸ்ட்ரூடட் ஃபோம் (இறுக்கமான நுரை) பலகைகளை இரண்டு அடுக்காக, மூட்டுக்கு மேல் மூட்டு வராமல் வைத்தார். குளிரைத் தடுப்பதில் இந்த ஃபோமின் ஓர் அங்குலம் ஏறக்குறைய ஓரடி மண்ணுக்குச் சமம். வெள்ளை மணி ஃபோம் ஈரத்தை உறிஞ்சும் என்று மறுத்த அவரது கண்டிப்புக்கும் நன்றி.

சிறு பம்பும் 100 அடி மெல்லிய குழாயும் எங்கள் கொட்டகையில் உள்ளன. 20 லீற்றர் தண்ணீரில் வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச் 50 மில்லிலீற்றர் கலந்து, அதில் ஊறவைத்துக் கழுவிச் சுருட்டியிருக்கிறோம். தேவைப்படும் அயலவர் எந்த நேரத்திலும் வந்து எடுத்துப் போகலாம்.