பஃபலோ பில்ஸ் அணியின் 2022ஆம் ஆண்டுப் பருவத்தைத் தாங்கியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரியோரே,

2022ஆம் ஆண்டுப் பருவத்தில், அமெரிக்கக் கால்பந்து ஆடும் பஃபலோ பில்ஸ் அணி 13 ஆட்டங்களில் வென்று, மூன்றில் மட்டுமே தோற்று, தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. பின்னர், தோற்றால் வெளியேற வேண்டிய ப்ளே-ஆஃப் சுற்றில், சொந்த அரங்கில், கொட்டும் பனியில், சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியிடம் 27-10 என்ற கணக்கில் தோற்று வெளியேறியது. ஆட்டக்காரர்களைப் பாராட்டியும் கடிந்தும் எழுதப் பலர் இருக்கிறார்கள். பந்தைத் தொடாமலேயே அப்பருவத்தைத் தாங்கிப் பிடித்த உங்களுக்காக இம்மடலை எழுதுகிறேன். அப்பருவத்தில் களத்திலேயே நாடித்துடிப்பு நின்று விழுந்து உயிர் பிழைத்த எங்கள் வீரர் டமார் ஹாம்லின், முறையான ஆட்டம் ஒன்றில் மீண்டும் களமிறங்கிய பிறகே எழுதுவது என்று காத்திருந்தேன். 2023 அக்டோபர் 1 அன்று மயாமி டால்ஃபின்ஸ் அணிக்கு எதிராக அது நடந்தது.

முதல் நன்றி, வீரர்களின் உடல்நலத்தைக் கவனிக்கும் உதவிப் பயிற்றுநர் டென்னி கெல்லிங்டன் அவர்களுக்கும் அவருடன் களத்துக்கு ஓடிய மருத்துவக் குழுவினருக்கும் உரியது. 2023 ஜனவரி 2 அன்று இரவு, சின்சினாட்டியில், முதல் கால் பகுதியிலேயே, எதிரணியின் டீ ஹிக்கின்ஸைத் தடுத்து வீழ்த்திய டமார், எழுந்து நின்று, மறுகணமே பின்புறமாகச் சாய்ந்து விழுந்தார். அந்த ஆட்டத்தில் நூறு முறை நிகழக்கூடிய சாதாரண மோதல் அது. இதயத் துடிப்பின் சுழற்சியில் மிகக் குறுகிய ஒரு கணத்தில் மார்பில் விழும் அடி, இதயத்தின் தாளத்தையே குலைத்துவிடக்கூடும் என்பதையும், டமாருக்கு நேர்ந்தது அதுவே என்பதையும் மருத்துவர்கள் உறுதிப்படுத்திய செய்தி ஏப்ரல் மாதத்தில்தான் வெளிவந்தது. காரணம் தெரிவதற்காக நீங்கள் காத்திருக்கவில்லை. நாடித்துடிப்பு இல்லை என்று கண்டதும் மார்பை அழுத்தி இரத்த ஓட்டத்தைக் காக்கும் சிபிஆர் என்ற முதலுதவியைக் கொடுக்கத் தொடங்கினீர்கள். மின் அதிர்ச்சி தரும் ஏஇடி கருவியைப் பயன்படுத்தினீர்கள். மூளைக்கு இரத்தம் செல்வது தடைப்பட்டால் ஒவ்வொரு நிமிடமும் ஈடுசெய்ய முடியாத இழப்பு என்பதால், ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிச் செல்லும் முன்பே அவருடைய எதிர்காலத்தின் பெரும்பகுதி உங்கள் கைகளில் முடிவாகிவிட்டது என்றே சொல்வேன்.

அதை அதிசயம் என்று பலர் எழுதினார்கள். அந்தச் சொல்லை ஏற்க எனக்கு மனமில்லை. ஒவ்வொரு ஆட்டத்திற்கும் ஏறத்தாழ முப்பது மருத்துவப் பணியாளர்களை அரங்கில் நிறுத்தி, ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது இரு அணிகளின் மருத்துவர்களையும் ஒன்றுகூட்டி, எவர் எங்கே நிற்பது, எந்த மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது என்றெல்லாம் பேசி வைக்கும் வழக்கத்தை, இப்போட்டிகளை நடத்தும் என்.எஃப்.எல். அமைப்பு ஏற்படுத்தியிருந்தது. பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் தேவைப்படாமலே போகும் அந்த ஏற்பாட்டைச் சலிப்பில்லாமல் செய்து வந்த, பெயர் தெரியாத அனைவருக்கும் என் வணக்கம்.

சின்சினாட்டி பல்கலைக்கழக மருத்துவமனையின் மருத்துவர்கள் திமோதி பிரிட்ஸ், வில்லியம் நைட் ஆகியோருக்கும், இரவு பகலாக உடனிருந்த செவிலியர்களுக்கும் அடுத்த நன்றி. கண்விழித்த டமார், பேச இயலாத நிலையில், நாம் வென்றோமா என்று எழுதிக் கேட்டதாக நீங்கள் அறிவித்தபோதுதான், அவருடைய அறிவு பழுதின்றி இருக்கிறது என்ற செய்தி எங்களுக்குக் கிடைத்தது. அவரைப் பின்னர் ஏற்றுக்கொண்டு, ஜனவரி 11 அன்று வீட்டுக்கு அனுப்பிவைத்த பஃபலோ ஜெனரல் மருத்துவமனைக்கும் நன்றி.

பெங்கால்ஸ் அணியினரையும் அவர்களுடைய ரசிகர்களையும் மறக்க முடியாது. ப்ளே-ஆஃப் இடங்களை நிர்ணயிக்கக்கூடிய அந்த ஆட்டத்தைத் தொடராமல் நிறுத்தச் சம்மதித்தது ஒரு புறமிருக்க, மருத்துவமனை வாசலில் மெழுகுவத்தியுடன் நின்றவர்களில் உங்கள் நிறச் சட்டைகளும் இருந்தன. இருபது நாட்களில் நீங்களே எங்களை வெளியேற்றியதற்கு நன்றி சொல்லும் அளவுக்கு நான் பெருந்தன்மையாளன் அல்லன்.

நவம்பரிலேயே ஒரு சோதனை வந்திருந்தது. ஏரியிலிருந்து எழுந்த பனிப்புயல், எங்கள் அரங்கு இருக்கும் ஆர்ச்சர்ட் பார்க்கில் ஆறடிக்கும் மேலாகப் பனியைக் கொட்டியதால், கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியுடனான ஆட்டம் டெட்ராய்ட் நகரின் ஃபோர்டு ஃபீல்டு அரங்குக்கு மாற்றப்பட்டது. வீட்டுக்குள் அடைபட்ட வீரர்கள் விமானத்தைப் பிடிக்க வேண்டுமே! அண்டை வீட்டாராகிய நீங்கள் மண்வாரிகளுடன் வந்து அவர்களுடைய வாசல்களைத் தோண்டித் திறந்துவிட்டீர்கள். அணி 31-23 என வென்றது. அரங்கைத் தந்துதவிய டெட்ராய்ட் லயன்ஸ் நிர்வாகத்துக்கு நன்றி. அதே அரங்கில் நான்கு நாட்கள் கழித்து, நன்றியறிதல் நாளில், உங்கள் அணியையே 28-25 என நாங்கள் தோற்கடித்ததைப் பொறுத்தருள வேண்டும்.

டமார் தம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொம்மைகள் வாங்க 2,500 டாலர் திரட்ட எண்ணித் தொடங்கியிருந்த நிதிக்கு, ஒரே வாரத்தில் 80 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தவர்களும் இம்மடலுக்கு உரியவர்களே. அதன்பின் அவர் ஊர் ஊராகச் சென்று சிபிஆர் பயிற்சியை ஊக்குவித்து, சிறார் விளையாட்டு அமைப்புகளுக்கு ஏஇடி கருவிகளை வழங்கினார். அப்பயிற்சிக்கு வந்து கற்றுக்கொண்ட பெற்றோருக்கும் பயிற்சியாளர்களுக்கும் என் நன்றி.

இப்படிக்கு,
பில்ஸ் அணியின் ரசிகன் ஒருவன்