வீட்டைப் பார்த்துக்கொண்டவள்

அன்புத் தோழிக்கு,

உன் மாமியார் இப்போது கைத்தடியோடு நான்கு அடி நடக்கிறார் என்று படித்ததும் மனது லேசானது. இங்கே எல்லோரும் நலம். பெரியவன் கல்லூரியில் இரண்டாம் வருஷம், சின்னவன் ஒன்பதாவது.

"இவளுக்குப் போட என்ன இருக்கு, வீட்டைத்தானே பார்த்துக்கிட்டா" என்று உன் மகளின் அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. நீ இரவு ஷிஃப்டில் இருக்கும்போது பாட்டிக்கு மாத்திரை, தம்பிக்குச் சாப்பாடு, மருத்துவர் சொல்வதைத் தமிழில் பாட்டிக்கு எடுத்துச் சொல்வது, காப்பீட்டுக்காரர்களிடம் போனில் மன்றாடுவது என்று எல்லாமே அவள்தானே செய்தாள்? அது வேலை. விண்ணப்பத்திலும் வேலையாகவே பதிவாக வேண்டும்.

பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப்பில், பாடத்துக்கு வெளியே செய்த செயல்பாடுகளுக்குப் பத்து இடம் உண்டு. வகைகளின் பட்டியலில் 'குடும்பப் பொறுப்புகள்' என்றே ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து முதல் இடத்தில் போடச் சொல். வாரத்துக்கு எத்தனை மணி, வருஷத்துக்கு எத்தனை வாரம் என்று கேட்பார்கள். கூட்டவும் வேண்டாம், கூச்சப்பட்டுக் குறைக்கவும் வேண்டாம். விவரத்துக்கு இடைவெளியும் சேர்த்து 150 எழுத்துகள்தான். 'பாட்டியை அன்போடு கவனித்தேன்' என்று அதை வீணாக்காமல், என்னென்ன செய்தாள் என்று மட்டும் அடுக்கட்டும். 2016-இல் ஹார்வர்ட் கல்வியியல் பள்ளியிலிருந்து வந்த ஓர் அறிக்கை, குடும்பத்துக்கு உழைப்பதையும் கல்லூரிகள் மதிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. விண்ணப்பங்களைப் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல, எழுத நமக்குத்தான் தயக்கம்.

பத்தாம் வகுப்பில் மதிப்பெண் இறங்கியதை 'சவால்களும் சூழ்நிலைகளும்' என்ற கேள்வியில் சொல்லலாம். கோவிட் பற்றிக் கேட்ட இடத்தில் 2025-இல் வந்தது இது, 250 சொற்கள். பாட்டிக்குப் பக்கவாதம் வந்த மாதம், அதனால் எந்தப் பாடங்கள் அடிவாங்கின, பிறகு எப்படி மீண்டாள் என்பது போதும். மற்றதைச் சொல்லக் 'கூடுதல் தகவல்' பகுதி இருக்கிறது. முன்பு அது 650 சொற்கள், இப்போது 300. பள்ளி ஆலோசகரிடமும் இதையெல்லாம் அவள் இப்போதே சொல்லிவைக்கட்டும். கல்லூரிக்கு அவர் எழுதும் கடிதத்திலும் இது வந்தால், அவள் தன் வாயால் அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

முக்கியக் கட்டுரைக்குப் பாட்டியின் நோயைத்தான் எழுத வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. வீட்டுக் கஷ்டம் அனுமதிக்குக் கொடுக்கும் விலை அல்ல. அவளுக்கே எழுதத் தோன்றினால் எழுதட்டும், அப்போதும் அந்த 650 சொற்களில் பாட்டியைவிட அவள்தான் அதிகம் தெரிய வேண்டும். தோன்றாவிட்டால் வானத்தைப் பற்றி எழுதட்டும். சிறுவயதிலிருந்தே அவளுக்கு நட்சத்திரப் பைத்தியம் அல்லவா? உண்மைகள் மற்ற பெட்டிகளில் பத்திரமாக இருக்கும். வீட்டு விஷயங்களில் எதைச் சொல்லலாம், எது வேண்டாம் என்று நீங்கள் இருவரும் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் தனி. அங்கே எட்டுக் கேள்விகளில் நான்குக்கு, தலா 350 சொற்களுக்குள் பதில். அதில் ஒன்று, சந்தித்த பெரிய சவாலையும் அது படிப்பைப் பாதித்த விதத்தையும் நேராகவே கேட்கிறது. அதை அவள் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த 150 எழுத்துகளை எழுதியதும் எனக்கு அனுப்பச் சொல், ஞாயிறன்று போனில் சேர்ந்தே பார்க்கிறோம். மாமியாரைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தோழி