செவியா போர்டுக்கு ஒரு திறந்த மடல்: புடாபெஸ்ட் கப்புக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்காதீங்க

ஸ்பெயின் ஃபுட்பால் கிளப் செவியா எஃப்சி நிர்வாகத்துக்கு வணக்கம்.

தலைவர், போர்டு மெம்பர்ஸ், பெரிய பங்கு வச்சிருக்கிற குடும்பங்கள், எல்லாரையும் சேத்துத்தான் சொல்றேன், ஏன்னா தலைவர் நாற்காலில யார் உக்காந்தாலும் கிளப்போட கதி மாறலங்கிறத நாங்க பாத்துட்டோம். நான் செவியால பொறந்தவன் இல்ல, உங்க கிளப்புல எனக்குப் பங்கும் கிடையாது மெம்பர்ஷிப் கார்டும் கிடையாது, தூரத்துல இருந்து நடுராத்திரி முழிச்சு மேட்ச் பாக்குற ஃபேன்ஸ்ல ஒருத்தன், அவ்வளவுதான். ஆனா இந்த கிளப்ப மனசார நேசிக்கிறேன், அந்த உரிமைலதான் எழுதுறேன்.

கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். 2022-23 சீசன முழுசா எடுத்துப் பாருங்க. புடாபெஸ்ட்ல யூரோப்பா லீக் ஃபைனல் நடந்த மே 31 ராத்திரிய மட்டும் பாக்காதீங்க. ஏழாவது யூரோப்பா லீக் கப்ப தூக்குன அதே டீம்தான் ஸ்பெயினோட முதல் டிவிஷன் லீக்கான லா லிகாவுல 49 பாயின்ட்டோட 12வது இடத்துல முடிச்சுது. இந்த ரெண்டும் ஒரே சீசன், ஒரே டிரெஸ்ஸிங் ரூம், ஒரே நிர்வாகம். நீங்க கப்ப உங்க கணக்குல எழுதிக்கிட்டீங்க, 12வது இடத்த கோச்சுங்க கணக்குல எழுதிட்டீங்க. அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் அங்கதான் ஆரம்பிச்சுதுன்னு நான் நினைக்கிறேன்.

கொஞ்சம் பின்னாடி போவோம். 2021-22ல லீக்ல நாலாவது இடம், மொத்தமே 30 கோல்தான் வாங்குனோம், லா லிகாலயே அதுதான் கம்மி, நம்ம கோல்கீப்பர் போனோவுக்கு ஸமோரா விருது (கம்மியா கோல் வாங்குற கீப்பருக்குக் குடுக்குறது) கிடைச்சுது. அந்த டிஃபென்ஸோட முதுகெலும்பு ரெண்டு பேர், கூண்டேயும் டியேகோ கார்லோஸும். ரெண்டு பேரையும் ஒரே கோடைல வித்தீங்க, ஒருத்தர் பார்சிலோனாவுக்கு, இன்னொருத்தர் ஆஸ்டன் வில்லாவுக்கு. சரி, விக்கிறது தப்பில்ல, செவியா எப்பவுமே வித்து வாங்கி வாழ்ந்த கிளப்தான், ஆள் வாங்குறத விக்கிறத பாத்துக்கிட்ட ஸ்போர்டிங் டைரக்டர் மோன்ச்சி அத ஒரு கலையாவே பண்ணிக் காட்டினவர். ஆனா அவங்க இடத்துக்கு வந்தது யாரு? காயத்தோட அல்லாடுன மார்க்காவும், இருபது வயசு நியான்சூவும். ரெண்டு சென்டர்பேக்கும் ஒண்ணா போனா என்ன ஆகும்னு தெரிய பெரிய டேட்டா எல்லாம் வேணாம், செப்டம்பர்ல மான்செஸ்டர் சிட்டி நம்ம ஊர்ல வந்து 4-0ன்னு அடிச்சுட்டுப் போச்சு, அது போதும்.

லீக்ல முதல் ஏழு மேட்ச்ல ஒரே ஒரு ஜெயம். அக்டோபர் 5 சாம்பியன்ஸ் லீக்ல டார்ட்மண்ட் கிட்ட 1-4. அன்னைக்கு ராத்திரியே கோச் லோபெதேகிய அனுப்பிட்டீங்க. 2020ல இன்டர் மிலான ஜெயிச்சு ஆறாவது கப்ப வாங்கிக் குடுத்த மனுஷன், மேட்ச் முடிஞ்சதும் கண்ணு கலங்கி ஃபேன்ஸப் பாத்து கை அசைச்சுட்டுப் போனாரு, நம்ம சான்செஸ் பிஸ்ஹுவான் ஸ்டேடியமே எந்திரிச்சு கைதட்டுச்சு. ஃபேன்ஸுக்குத் தெரியும் யார் மேல தப்புன்னு.

அப்புறம் கோச்சா சம்பாவோலி. அவரு வந்தும் பெருசா ஒண்ணும் மாறல, உலகக் கோப்பைக்காக லீக் நின்னப்போ நாம 18வது இடம், அதாவது ரெலிகேஷன் (கீழ் டிவிஷனுக்கு இறக்கப்படுற) இடத்துல. ஆகஸ்ட்ல ஆரவாரமா கூட்டிட்டு வந்த இஸ்கோ டிசம்பர்லயே கிளம்பிட்டாரு. அதே இஸ்கோ அப்புறம் நம்ம ஊரோட எதிரி கிளப் பெட்டிஸ் போயி என்னமா ஆடுனாருன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, ஊரே பாத்துச்சு. ஸ்பெயின் கப்பான கோப்பா டெல் ரேல ஒசாசுனாகிட்ட எக்ஸ்ட்ரா டைம்ல தோத்தோம். மார்ச்ல அட்லெட்டிகோகிட்ட 6-1. கெட்டாஃபேகிட்டயும் தோத்தப்புறம் சம்பாவோலியும் அவுட், அப்போ நாம 14வது இடம், ரெலிகேஷனுக்கு ரெண்டே பாயின்ட் மேல.

இந்த நிலைமைலதான் மெந்திலிபார் வந்தாரு. 62 வயசு, எய்பார், வயாடோலிட், ஒசாசுனான்னு சின்ன கிளப்புலயே காலம் போனவரு, அதுக்கு முன்னாடி அலவேஸ்ல வேல போயிருந்துச்சு. சீசன் முடியுற வரைக்கும் மட்டும்தான் கான்ட்ராக்ட் குடுத்தீங்க, அதாவது லீக்ல காப்பாத்திட்டு கிளம்புன்னு அர்த்தம். அவரு பெருசா எந்தத் தத்துவமும் பேசல. ஆளுங்கள அவங்கவங்க இடத்துல நிறுத்துனாரு, பால முன்னாடி அனுப்பச் சொன்னாரு, ஓடச் சொன்னாரு.

யூரோப்பா லீக் குவார்ட்டர்ஃபைனல்ல மான்செஸ்டர் யுனைடெட் கூட ஓல்ட் டிராஃபோர்ட்ல ஆடுன மேட்ச நினைச்சுப் பாருங்க. அவங்க சபிட்சர் 21 நிமிஷத்துக்குள்ள ரெண்டு கோல் அடிச்சுட்டாரு, 84வது நிமிஷம் வரைக்கும் 2-0, சத்தியமா முடிஞ்சுதுன்னுதான் எல்லாரும் நினைச்சோம். நவாஸ் ரைட் சைடுல இருந்து ஒண்ணு அடிக்கிறாரு, அது மலாசியா மேல பட்டு உள்ள போகுது. இன்ஜுரி டைம்ல என்-நெசிரி தலையால முட்டுன பால் மாகுவயர் மேல பட்டு மறுபடியும் உள்ள. 2-2. அந்த மேட்ச்ல கோலவிட என் மனசுல நின்னது வேற ஒண்ணு. லிசாண்ட்ரோ மார்டினெஸ் கால் போயி கீழ விழுந்தப்போ நம்ம மோன்டியலும் அகுனாவும், எதிர் டீம் ஆளாச்சேன்னு பாக்காம, ரெண்டு பேருமா தூக்கிட்டு வெளிய கொண்டு போனாங்க. மூணு பேரும் சேந்து நாலு மாசம் முன்னாடிதான் அர்ஜென்டினாவுக்கு உலகக் கோப்பை ஜெயிச்சவங்க. திரும்ப நம்ம ஊர்ல 3-0, டி ஹியாவும் மாகுவயரும் பின்னாடி பால வச்சு தடுமாற தடுமாற நாம விடவே இல்ல.

செமிஃபைனல்ல ஜுவென்டஸ். டூரின்ல கடைசி நிமிஷம் வரைக்கும் நாம 1-0 லீட், 97வது நிமிஷத்துல அவங்க காட்டி ஈக்வலைஸ் பண்ணிட்டாரு, வயிறு எரிஞ்சுது. நம்ம ஊர்ல அவங்க விளாஹோவிச் அடிக்க, நம்ம சூசோ பாக்ஸுக்கு வெளிய இருந்து இழுத்து ஒண்ணு விட்டாரு பாருங்க, அப்புறம் எக்ஸ்ட்ரா டைம்ல லமெலா ஹெட்டர். ஃபைனல்ல மொரின்யோவோட ரோமா, அதுவரைக்கும் ஒரு யூரோப்பியன் ஃபைனல் கூட தோக்காத கோச். ரோமாவுக்கு டிபாலா அடிச்சாரு, நவாஸ் கிராஸ்ல மன்சினி செல்ஃப் கோல், அப்புறம் பெனால்டி. மன்சினியோடதையும் இபான்யெஸோடதையும் போனோ விடல. மோன்டியல் அடிச்ச முதல் கிக்க கோல்கீப்பர் பிடிச்சாலும், லைன விட்டு முன்னாடி வந்துட்டாருன்னு ரெஃப்ரி திரும்ப அடிக்கச் சொன்னாரு, ரெண்டாவது தடவை உள்ள. கத்தார் உலகக் கோப்பை ஃபைனல்ல கடைசி பெனால்டிய அடிச்ச அதே கால். 2006ல ஐந்தோவன்ல முதல் கப்ப தூக்குன டீம்ல இருந்த நவாஸ், 37 வயசுல கேப்டனா ஏழாவது கப்ப தூக்குனாரு. ஏழு ஃபைனல், ஏழு ஜெயம். எனக்கு இத எழுதும்போதே புல்லரிக்குது.

இங்கதான் நீங்க நிதானமா யோசிச்சிருக்கணும். அந்த ஃபைனல்ல இறங்குன பதினோரு பேர எழுதிப் பாருங்க. பாடே, ஓகாம்போஸ், பிரயான் கில், இந்த மூணு பேரும் ஜனவரிலதான் வந்தாங்க. பாடே நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்ல லோன்ல (அதாவது கொஞ்ச காலத்துக்குக் கடனா) இருந்து ஒரு மேட்ச் கூட ஆடாதவரு. ஓகாம்போஸ நீங்களே கோடைல அயாக்ஸுக்கு லோன்ல அனுப்பிட்டு, நீங்களே திரும்பக் கூப்பிட்டுக்கிட்டீங்க. பிரயான் கில் நம்ம அகாடமி பையன், டாட்டன்ஹாமுக்கு வித்துட்டு மறுபடி அவங்ககிட்டயே லோன் கேட்டு வாங்குனோம். பாடே பக்கத்துல சென்டர்பேக்கா ஆடுனது மிட்ஃபீல்டரான குடெய். ஆக, நீங்க கோடைல போட்ட பிளான் ஃபைனல்ல பெருசா இல்ல. ஜெயிச்சது ஒரு வயசான கேப்டன், ஒரு பெரிய கோல்கீப்பர், ஜனவரில அவசரத்துக்கு வந்த மூணு ஆளுங்க, சீசன் முடிஞ்சா வேல இல்லாத ஒரு கோச், அப்புறம் அந்த ஸ்டேடியம். இதுல நிர்வாகத் திறமைன்னு எத சொல்றது?

ஆனா நீங்க காய்ச்சல் இறங்குனதும் மருந்த நிறுத்துன மாதிரிதான் நடந்துக்கிட்டீங்க. மோன்ச்சி ஜூன்லயே போயிட்டாரு. ஆகஸ்ட்ல போனோவ சவுதிக்கு வித்தாச்சு. யூரோப்பியன் சூப்பர் கப்புல மான்செஸ்டர் சிட்டியோட பெனால்டி வரைக்கும் போயி தோத்தோம், அது பரவால்ல. மெந்திலிபாருக்கு ஒரு வருஷ எக்ஸ்டென்ஷன் குடுத்தீங்க, அதுவும் அரை மனசா, அக்டோபர் 8ந் தேதி அனுப்பிட்டீங்க. ஆரம்பம் சரியில்லதான், ஒத்துக்கிறேன், எட்டு மேட்ச்ல ரெண்டே ஜெயம். அவரு எங்க போனாரு? ஒலிம்பியாகோஸ். 2024 மே 29ந் தேதி கான்ஃபரன்ஸ் லீக் கப், ஒரு கிரேக்க கிளப் ஜெயிச்ச முதல் யூரோப்பியன் கப். அவர் இடத்துல நீங்க கொண்டு வந்த டியேகோ அலோன்சோ லா லிகால ஒரு மேட்ச் கூட ஜெயிக்காம டிசம்பர்ல கிளம்பிட்டாரு. சாம்பியன்ஸ் லீக் குரூப்ல ரெண்டே பாயின்ட், கடைசி இடம். பிஎஸ்வி கூட நம்ம ஊர்ல 2-0 லீட்ல இருந்து 2-3ன்னு தோத்தோமே, அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

2022 அக்டோபர்ல இருந்து 2025 ஏப்ரலுக்குள்ள ஆறு கோச் புதுசா வந்தாங்க. 2022-23ல லீக்ல 12வது இடம், அப்புறம் 14, 2024-25ல 17. அதுல பிந்தின ரெண்டு சீசன்லயும் 41 பாயின்ட். 2025 மே மாசம் செல்டாகிட்ட தோத்துட்டு டீம் திரும்பி வந்தப்போ ஆத்திரத்துல சிலர் டிரெய்னிங் கிரவுண்டுக்குள்ளயே புகுந்துட்டாங்க, பிளேயர்ஸ் ராத்திரி அங்கயே தங்க வேண்டியதா போச்சு. அந்த வன்முறைய யாரும் நியாயப்படுத்த முடியாது, நானும் பண்ணல. ஐந்தோவன்ல மைதானத்துக்குள்ள ஓடி வந்து நம்ம கோல்கீப்பர் திமித்ரோவிச்ச அடிச்சவன நாம எல்லாரும் திட்டுனோம், நம்ம ஆளுங்க பண்ணாலும் அதேதான். ஆனா ரெண்டு வருஷம் முன்னாடி கண்ணீரோட கப்ப வரவேற்ற ஊரு எப்படி இந்த நிலைமைக்கு வந்துச்சுன்னு நீங்க யோசிக்கணுமா வேணாமா?

பணம் வேற. 2024-25 ஆரம்பத்துல லா லிகா நமக்கு நிர்ணயிச்ச சம்பள வரம்பு சுமார் 25 லட்சம் யூரோ, முதல் டிவிஷன்லயே கம்மி. ஏழு யூரோப்பா லீக் வச்சிருக்கிற கிளப்புக்கு. இன்னொரு விஷயம், 2022-23ல நாம சாம்பியன்ஸ் லீக் குரூப்ல மூணாவது வந்து யூரோப்பா லீகுக்கு இறங்குனதாலதான் அந்தப் பயணமே நடந்துச்சு, 2016லயும் அதே கதைதான். அந்த வழிய 2024-25ல இருந்து யூரோப் ஃபுட்பால் அமைப்பான யூஈஎஃப்ஏ அடைச்சாச்சு. இனிமே லீக்ல சொதப்பிட்டு யூரோப்ல சரி பண்ணிக்கலாம்னு கணக்குப் போட முடியாது. லீக்ல மேல வந்தாத்தான் யூரோப்.

பங்குச் சண்டைய பத்தி நான் ரொம்பப் பேசல, முன்னாள் தலைவரான அப்பா டெல் நிடோவும் தலைவர் நாற்காலில உக்காந்த அவர் மகனும் எதிரெதிர் அணியில நிக்கிற கூட்டங்கள உலகமே பாத்துச்சு. உங்க குடும்ப விவகாரம் எனக்கு வேணாம். ஆனா ஒவ்வொரு கோடையும் புது கோச், புது பிளான், கை மாறுற ஆளுங்கன்னு போறது அந்தச் சண்டையோட விலை, அத கட்டுறது ஸ்டாண்ட்ல உக்காந்திருக்கிறவங்க.

இதுல நம்பிக்கையா தெரியுறது ஒண்ணுதான், அகாடமி. கார்மோனா, ஹுவான்லு, கிகே சாலாஸ், இசாக் ரொமேரோ. டீம் விழுந்துட்டு இருந்த நாள்ல எல்லாம் உயிரக் குடுத்து ஆடுனது இந்தப் பசங்க. நவாஸும் அங்க இருந்து வந்தவர்தான், 2024 டிசம்பர்ல ரிட்டயர் ஆகுறப்போ நம்ம கிளப்புக்கு 705 மேட்ச், இடுப்பு வலியோட ஆடியே முடிச்சாரு. அந்தப் பசங்கள அடுத்த கோடைல வித்து ஓட்டைய அடைக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. விக்கத்தான் வேணும்னா, ஒருத்தர மட்டும், அதுவும் அவர் இடத்துக்கு ஆள ரெடியா வச்சுக்கிட்டு வில்லுங்க, கூண்டேயையும் டியேகோ கார்லோஸையும் ஒரே நேரத்துல அனுப்புன மாதிரி வேணாம். கோச்சுக்கு முழுசா ரெண்டு சீசன் குடுங்க, நடுவுல நாலு மேட்ச் தோத்தாலும் அவசரப்படாதீங்க.

அடுத்த பங்குதாரர் கூட்டத்துல யார் மேடைல உக்காந்திருந்தாலும் சரி, 2022-23 கணக்க முதல்ல எடுத்து வைங்க. அந்தக் கோடைல யார வித்தோம், எவ்வளவுக்கு, யார வாங்குனோம், அவங்கள்ல எத்தனை பேர் புடாபெஸ்ட்ல ஆடுனாங்க, ஜனவரில ஏன் மறுபடி ஆள் தேட வேண்டி வந்துச்சு, மெந்திலிபார அனுப்புற முடிவ யார் எடுத்தது. இதுக்கெல்லாம் எழுத்துல பதில் குடுங்க, கிளப் சைட்லயே போடுங்க, நாங்க எந்த மொழில இருந்தாலும் படிச்சுக்குறோம்.

இப்படிக்கு,
செவியாவ விட மனசில்லாத ஒரு தமிழ் ஃபேன்