பாப்பாவுக்கு, உதவித்தொகை விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தம்பிக்குத் தேர்வு முடிந்துவிட்டது. அத்தை உன்னைப் பற்றிக் கேட்டார்கள். அவர்கள் கேட்ட விதத்தை நீ மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கென்யாவில் மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிய வங்காரி மாத்தாய் அம்மையாரின் பெயரில் உன் கல்லூரி தருகிற உதவித்தொகையைப் புதுப்பிக்கிற மாதம் இதுதானே? போன வருடம் இதே சமயத்தில், அந்த இரண்டு பக்கக் கடிதத்தை எழுதி முடித்ததும் எனக்குப் போனில் படித்துக் காட்டினாய். "வங்காரி மாத்தாய் பெயரால் இந்த ஆண்டு நான் கற்றது" என்று தலைப்பு. நாற்றங்காலில் வேர் அழுகின கன்றுகளைப் பற்றி எழுதியிருந்தாய். அப்பா இரண்டாவது முறை படிக்கச் சொன்னார். இந்த வருடம் ஒரு பேச்சும் இல்லை. "நல்லா இருக்கேன்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். எழுதிவிட்டாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. சின்னக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவரே சேர்க்கையையும் விடுதியையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்வார். கடைசி நாளில் போய் நின்றால் பாவம், அவர் எப்போது எழுதுவார்?

அந்த உதவித்தொகை கிடைத்த அன்று வீட்டில் நடந்தது உனக்கு முழுக்கத் தெரியாது. பெரியப்பா வந்திருந்தார். மண்வெட்டி பிடிப்பதும், எல்லாருக்கும் சேர்த்துச் சமைப்பதும், கண்ணை மூடி உட்காருவதும் ஒரு படிப்பா, அதற்கு ஓர் உதவித்தொகையா என்று கேட்டார். நான் பொதுவாக அவர் முன்னால் பேசமாட்டேன். அன்று பேசினேன். தலைக்கும் இதயத்துக்கும் கைக்கும் சேர்த்துத்தான் கல்வி என்று சுவிட்சர்லாந்துக் கல்வியாளர் பெஸ்தலாட்சி சொல்லி இருநூறு வருடம் ஆகிறது, தாகூர் 1901-லேயே சாந்திநிகேதனில் மரத்தடியில் பிள்ளைகளை உட்காரவைத்தார், காந்தி 1937-ல் வார்தாவில் கைத்தொழிலை நடுவில் வைத்துத்தான் கல்வித் திட்டம் போட்டார், இதெல்லாம் என் பெண் நேற்றுக் கண்டுபிடித்த விஷயம் இல்லை என்றேன். நீ அனுப்பிய புத்தகங்களில் படித்ததுதான். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா உள்ளே போய் உன் தேர்வுக் கடிதத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

அதனால்தான் உன் மௌனம் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. பெருமையாகச் சொல்லிக்கொண்ட விஷயம் என்பதற்காகச் சொல்லவில்லை. நீ எதையோ உள்ளேயே வைத்துக்கொண்டு நடமாடுகிறாய் என்று தோன்றுகிறது.

தம்பி ஒரு வார்த்தை சொன்னான். "அது வேறு யாருக்காவது போயிருக்கலாம்" என்று நீ அவனிடம் சொன்னாயாம். அந்தப் பெயரைக் கேட்டாலே கூச்சமாக இருக்கிறது என்றாயாம். அவன் அதை ஏதோ பேச்சுவாக்கில் சொன்னது போலத்தான் சொன்னான். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. ஐந்தாம் வகுப்பில் உனக்கு வந்த பரிசுக் கோப்பையை இன்னொரு பிள்ளைக்கு விட்டுக்கொடுத்தாயே, எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்று உன்னை நல்ல மனசுக்காரி என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஆனால் இது கோப்பை இல்லை பாப்பா.

யாருடைய பெயரைக் கேட்டுக் கூச்சப்படுகிறாயோ அவரையே பார். 1960-ல், கென்யாவிலிருந்து ஏறத்தாழ முந்நூறு பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பினார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகப் போனவர் அவர். கென்யத் தலைவர் டாம் எம்போயா ஏற்பாடு செய்தார், கென்னடி குடும்பத்தின் அறக்கட்டளை பணம் கொடுத்தது. போய்ச் சேர்ந்தது பேர்பெற்ற பல்கலைக்கழகத்தில் இல்லை. கான்சாஸில், கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு சின்னப் பெண்கள் கல்லூரியில்தான் 1964 வரை உயிரியல் படித்தார். யாரோ ஏற்பாடு செய்து, யாரோ பணம் கொடுத்து, தெரியாத ஊரில் ஒரு சின்னக் கல்லூரியில் படித்த பெண்தான் அந்த அம்மாவும். அந்த வயதில் அவர் எந்த இயக்கத்தையும் தொடங்கியிருக்கவில்லை.

அப்புறமும் எல்லாம் நேராக நடக்கவில்லை. 1966-ல் நைரோபிக்குத் திரும்பினால், தருவதாகச் சொல்லியிருந்த ஆராய்ச்சி உதவியாளர் வேலை வேறொருவருக்குப் போயிருந்தது. 1971-ல் முனைவர் பட்டம் வாங்கினார். மரக்கன்று வளர்க்க முதலில் தொடங்கிய முயற்சி பணமில்லாமல் நின்றுபோனது. 1977 ஜூன் 5-ஆம் தேதி பெண்களோடு ஊர்வலமாகப் போய் ஏழு கன்று நட்டார்கள், அதிலிருந்துதான் பசுமை வளைய இயக்கம் வளர்ந்தது. அமைதிக்கான நோபல் பரிசு வந்தது 2004-ல். நீ 2004-ஆம் வருடத்து அம்மையாரோடு உன்னை வைத்து அளந்து பார்க்கிறாய். உன் கல்லூரி உனக்குப் பணம் கொடுப்பது 1960-ல் விமானம் ஏறிய அந்தப் பெண்ணை நினைத்து என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்த ஏழு கன்றுகளை எதற்காக நட்டார்கள் தெரியுமா? அந்த நாட்டு மக்களுக்கு உழைத்து மறைந்த தலைவர்களை நினைத்து. கன்று நட்டவர்கள் அதற்கான தகுதியை முதலில் காட்டிவிட்டு நடவில்லை.

பெயரைப் பற்றி அப்பா ஒன்று சொன்னார், அதையும் எழுதுகிறேன். பெரிய இடங்களில் உதவித்தொகைக்குப் பெரும்பாலும் பணம் கொடுத்தவருடைய பெயர்தான் இருக்கும். ரோட்ஸ் உதவித்தொகை என்றால் ஆப்பிரிக்காவில் வெள்ளைக்காரர் ஆட்சியைப் பரப்பி 1902-ல் இறந்த செசில் ரோட்ஸ் எழுதிவைத்த உயில் பணம். அதை வாங்குகிறவர்களே பின்னாளில் அந்தப் பெயரோடு சண்டை போடவேண்டி வந்தது. உன்னுடையது அப்படி இல்லை. வங்காரி மாத்தாய் உன் கல்லூரிக்குப் பணம் வைத்துவிட்டுப் போனவர் இல்லை. பழைய மாணவர்கள், ஆசிரியர்கள், யார் யாரோ சிறுகச் சிறுகக் கொடுத்து, தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளாமல், ஒரு நல்ல பெயரைத் தேடி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் உன் தலைமேல் வைத்த பாரம் என்று நினைக்காதே. தங்களுக்குப் பிடித்த ஒருவரை உனக்கு அறிமுகம் செய்துவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்.

இன்னொன்றும் சொன்னார், இது அவருடைய கணக்கு மூளை. இந்த மாதிரி நிதியில் முதலைத் தொடமாட்டார்கள், அதன் வருமானத்தில் ஒரு பங்கைத்தான் வருடா வருடம் கொடுப்பார்கள். சின்னக் கல்லூரியில் அதுகூடப் பெரும்பாலும் கையில் பணமாக வராது, கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள். நீ வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் அது மறுநாளே இன்னொரு பிள்ளையிடம் போய்விடாது. அடுத்த தேர்வு வரைக்கும் பெரும்பாலும் சும்மா கிடக்கும். உன் இடம் காலி, அவ்வளவுதான். வேறு யாருக்காவது போகட்டும் என்கிற நல்ல மனசு இங்கே யாருக்கும் உதவாது.

ராமானுஜனையும் கொஞ்சம் யோசித்துப் பார். பதினாறு பதினேழு வயதில் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை கிடைத்தது. கணக்கைத் தவிர மற்றதில் தோற்றதால் அது போய்விட்டது. வெட்கப்பட்டு வீட்டை விட்டே ஓடினார். அந்த வீட்டில் இருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று எனக்கு இப்போது புரிகிறது. பிறகு துறைமுகத்தில் எழுத்தர் வேலை. 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது, கையில் பட்டம் இல்லாதவருக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை எழுதிக்கொடுக்க வேண்டும் என்றார்கள். அவரும் எழுதிக்கொடுத்தார். அவ்வளவு பெரிய மேதையே "நான் இன்னது செய்தேன்" என்று எழுதிக்கொடுத்தார். உனக்கு அந்த இரண்டு பக்கம் எழுத என்ன தயக்கம்?

அவரும் ஒருமுறை பணத்தைத் திருப்பிவிட நினைத்தார். 1919 ஜனவரியில், இங்கிலாந்தில் உடம்பு முடியாமல் இருந்தபோது, சென்னைப் பல்கலைக்கழகம் வருடம் 250 பவுன் தருவதாகச் சொன்னது. என் தேவைக்கு இது மிக அதிகம், பெற்றோருக்கு 50 பவுன் கொடுத்துவிட்டு, என் செலவு போக மிச்சத்தை ஏழைப் பிள்ளைகளின், அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படுத்துங்கள் என்று பதில் எழுதினார். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் கலங்கும். ஆனால் எப்போது எழுதினார் என்று பார். வாங்கிக்கொண்டு, வேலையை முடித்து, இங்கிலாந்தின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியில் உறுப்பினரும் ஆன பிறகு. 1913-ல் அந்த 75 ரூபாயை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நீயும் ஒருநாள் கொடு. கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடு. இப்போது வாங்கிக்கொள்.

அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சன் பெயரிலும் உங்கள் கல்லூரியில் ஓர் உதவித்தொகை இருக்கிறது என்றாய். அவரைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். 1925-ல் இலக்கியம் படிக்கக் கல்லூரிக்குப் போய், நடுவில் உயிரியலுக்கு மாறினார். உதவித்தொகை போதவில்லை. அவர் அம்மா பியானோ சொல்லிக்கொடுத்தும் வீட்டுப் பீங்கான் சாமான்களை விற்றும் பணம் அனுப்பினார். அப்படியும் கல்லூரிக்குக் கடன் பாக்கி நின்றது. முதுகலை முடித்து முனைவர் படிப்பில் இருந்தபோது, குடும்பத்துக்குச் சம்பாதிக்க வேண்டும் என்று 1934-ல் அதை விட்டுவிட்டார். 1962-ல் பூச்சிக்கொல்லிகளைப் பற்றி உலகத்தையே விழிக்கவைத்த புத்தகத்தை எழுதியவர் அந்தப் பட்டம் இல்லாதவர்தான்.

பார்த்தாயா, விட்டவரும் சாதித்திருக்கிறாரே என்று நீ சொல்வாய். சொல்லலாம். ஆனால் அவர் வீட்டுக்காக விட்டார். நீ வீட்டுக்காக எதையும் விட வேண்டியதில்லை. அப்பா வேலையிலிருந்து நின்றதைப் பற்றித் தம்பியிடம் ஏதாவது கேட்டாயா? கேட்டிருந்தால் சொல்கிறேன், எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. நீ இங்கே வந்து தாங்க வேண்டிய நிலையில் நாங்கள் இல்லை.

உண்மையிலேயே அங்கே பிடிக்கவில்லை என்றால் அது வேறு. அதைச் சொல். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் கோபித்துக்கொள்வேன், அப்புறம் சரியாகிவிடும். தகுதியில்லை என்று நீயே தீர்ப்பு எழுதிக்கொண்டு விலகுவதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. உன்னைத் தேர்ந்தெடுத்தவர்கள் உன் கட்டுரையைப் படித்தார்கள், உன்னோடு பேசினார்கள், இரண்டு நாள் உன்னோடு வேலை செய்தும் பார்த்தார்கள். அவர்கள் எல்லாரும் தப்பாகப் பார்த்தார்கள், நீ ஒருத்திதான் சரியாகப் பார்க்கிறாய் என்றா நினைக்கிறாய்?

அம்பேத்கருக்கு பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகை 1917-ல் காலாவதியாகி, லண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. தனியாகக் கப்பலில் அனுப்பிய புத்தகங்களும் கடலில் போயின. சம்பாதித்து, சேர்த்து, கடன் வாங்கி 1920-ல் திரும்பப் போய் முடித்தார். அவருக்கு நின்றுபோனது உனக்கு இன்னும் நிற்கவில்லை. ஒரு கடிதம் எழுதினால் தொடரும். அதை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கடிதத்தில் பெரிதாக எதுவும் எழுத வேண்டாம். இந்த வருடம் சரியாகப் போகவில்லை என்றால் அதையே எழுது. எது முடிந்தது, எது முடியவில்லை, அடுத்து என்ன செய்யப்போகிறாய். போன வருடம் அழுகின வேரைப் பற்றி எழுதினாயே, அதைத்தானே பாராட்டினார்கள். பரிந்துரைக்கு இன்றைக்கே ஆசிரியரிடம் சொல்லிவிடு. நாளைக்கு என்று தள்ளாதே. வருகை, மதிப்பெண், தோட்டத்தில் வேலை செய்த மணிக்கணக்கு, எதைக் கேட்டாலும் அலுவலகத்தில் இப்போதே எழுதி வாங்கி வைத்துக்கொள். கடைசி தேதி என்ன என்று எனக்கும் அனுப்பு, நான் ஞாபகப்படுத்துகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் விழித்திருக்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அப்பாவும் இருப்பார். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

அன்புடன்,
அம்மா

பி.கு. தம்பியைத் திட்டாதே. அவன் சொல்ல மாட்டேன் என்றுதான் இருந்தான், நான்தான் துருவித் துருவிக் கேட்டேன்.