850 ரூபாயும் ஒரு சேலையும்

மரியாதைக்குரிய ஆசிரியர் தந்தைக்கு, தோத்திரம்.

கிறிஸ்துமஸ் சிறப்பிதழின் தலையங்கத்தை மூன்று முறை படித்தேன். "ஏழைகள் இருப்பதால்தான் நமக்குத் தர்மம் செய்யும் வாய்ப்புக் கிடைக்கிறது, அவர்களுக்கு நன்றி சொல்வோம்" என்று ஒரு வரி. நல்ல மனதோடுதான் எழுதியிருப்பீர்கள். ஆனாலும் அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. என் அம்மா ஏழையாக இருந்தது யாருக்கும் வாய்ப்புத் தருவதற்காக அல்ல, தந்தையே. உழைத்த கூலி கைக்கு வராததால் ஏழையாக இருந்தார்.

காரைக்குடியில் ஒரு பலகாரப் பட்டறையில் அம்மாவுக்கு வேலை. முதலாளியும் நம் பங்குக் கோவிலைச் சேர்ந்தவர்தான், பெயர் வேண்டாம். 1994இல் தீபாவளிக்கும் கல்யாணச் சீருக்குமாக ராத்திரி பகல் பார்க்காத வேலை. தேன்குழல், மணகோலம், அதிரசம், சீப்புச்சீடை என்று எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று முழங்கை வரை கொப்புளம். நாளுக்கு 25 ரூபாய். 34 நாள் கூலி, 850 ரூபாய், நின்றுபோனது. எப்போது போய்க் கேட்டாலும் "சரக்குப் பணம் வரட்டும்" என்பார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவரே கோவில் வாசலில் ஐம்பது பெண்களுக்குச் சேலையும் 5 கிலோ அரிசியும் கொடுத்தார். அம்மாவும் வரிசையில் நின்றார். வீட்டில் அரிசி இல்லை, வேறு என்ன செய்வார்? படம் எடுத்தார்கள். தங்கள் இதழில் "கொடை உள்ளம்" என்று தலைப்புப் போட்டு வந்தது. அம்மாவின் முகம் அதில் தெளிவாகத் தெரியும். அந்தச் சேலையை அவர் கடைசி வரை உடுத்தவில்லை. 850 ரூபாயும் கடைசி வரை வரவில்லை.

தங்களுக்குத் தெரியாத வேதமா? கூலியாளின் சம்பளத்தைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடு என்கிறது பழைய ஏற்பாட்டின் இணைச்சட்ட நூல், 24ஆம் அதிகாரம். பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது ஆண்டவர் காதுக்கு எட்டிவிட்டது என்கிறார் யாக்கோபு. வயலின் ஓரத்தை அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் அந்நியருக்கும் என்று லேவியர் 19இல் சட்டமாகவே இருக்கிறது. சின்ன வயதில் நானும் அறுப்பு முடிந்த வயல்களில் அம்மாவோடு கதிர் பொறுக்கியிருக்கிறேன். சில இடங்களில் விரட்டுவார்கள், ஏதோ திருட வந்தது போல ஓடுவோம். அது எங்கள் பங்கு என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

நீதிப்படி கொடுக்க வேண்டியதை அன்பளிப்பாகக் காட்டக் கூடாது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், அதாவது உலக ஆயர்கள் கூடிய திருச்சபைப் பேரவை, பொதுநிலையினர் (குருக்கள், துறவிகள் அல்லாத விசுவாசிகள்) பணி பற்றிய ஏட்டில் எழுதி வைத்திருக்கிறது. அதற்கும் முன்னால், 1891இலேயே, கூலியை ஏமாற்றுவது வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவம் என்றார் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ. நாற்பது வருடமாக ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறேன். ஒரு மறையுரையில்கூட இதைக் கேட்டதில்லை.

தர்மம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சமைக்கும்போது ஏழைகளுக்கென்று ஒரு பிடி அரிசி இன்றைக்கும் எடுத்து வைக்கிறேன். கூலி வரும் வரை பசி காத்திருக்காது, அந்த நேரத்தில் ஒரு படி அரிசி பெரிது. ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். யாரையும் வரிசையில் நிறுத்தியதில்லை. திண்ணையில் உட்கார்ந்து அம்மாவோடு பேசிவிட்டு, பையைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவார்கள். அவர்களை நினைத்தால் இன்றும் கண் கலங்கும்.

ஆனால் கோவில் பெருக்கும் அக்காவுக்கு நாம் மாதம் என்ன கொடுக்கிறோம்? கேட்டால் "கோவில் வேலை, புண்ணியம்" என்கிறார்கள். தேர்ப்பவனிப் பந்தலுக்குப் பணம் குறைந்ததாக நான் பார்த்ததே இல்லை. அப்புறம், 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லாமல் போனது என்று ஆகஸ்ட் 10 அன்று கறுப்புக் கொடி ஏற்றுகிறோம். சரி, ஏற்ற வேண்டியதுதான். அதே நீதியை, நம் கல்லறைத் தோட்டத்தில் சாதி பார்த்துப் பிரிக்கும் குறுக்குச் சுவரிடம் யார் கேட்பது? சாதிப் பாகுபாடு கூடாது என்று 2003இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தமிழக ஆயர்களிடமே சொன்னார். அம்மாவைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் புதைத்தோம்.

எழுத எழுத எங்கேயோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். உதவி வாங்குகிறவர்களின் முகம் தெரியும் படத்தை இனி நம் இதழில் போடாதீர்கள். கொடுப்பவர் படம் வேண்டுமென்றால் அவரை மட்டும் போடுங்கள்.

1995 ஜனவரி இதழில் அம்மாவின் படம் வந்த பக்கத்தை வெட்டி வைத்திருக்கிறேன். தங்களுக்குப் பார்க்க வேண்டுமென்றால் அனுப்புகிறேன், திருப்பி அனுப்பிவிடுங்கள். அம்மாவுக்கு வேறு படம் கிடையாது.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் சந்தாதாரர்,
தேவகோட்டை.
(பெயர் வெளியிட வேண்டாம்)