பார்க்கிங்கில் ஒரு சார்ஜிங் பாயிண்டுக்கு அனுமதி கொடுங்கள்

சென்னை அடுக்குமாடி உரிமையாளர் சங்கங்களின் செயலாளர்களுக்கும் கமிட்டி உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மின்சாரக் கார் வாங்கியவர், தன் பார்க்கிங்கில் 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்று போட்டுக்கொள்ள அனுமதி கேட்கிறார். பொதுக்குழுவில் பார்க்கலாம் என்கிறீர்கள். அங்கே லிஃப்ட், தண்ணீர் லாரி என்று பேசியே நேரம் போய்விடுகிறது. எங்கள் குடியிருப்பிலும் இதுதான் நிலைமை.

அவர் பொதுக் கரண்ட்டைக் கேட்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் தன் வீட்டு மீட்டரிலிருந்து கார் நிற்கும் தூண் வரை ஒரு கேபிள், அவ்வளவுதான். யூனிட் அவர் பில்லில்தான் ஏறும். இருக்கும் வீட்டு இணைப்பிலேயே வண்டிக்கு சார்ஜ் போடலாம் என்று ஒன்றிய மின் அமைச்சகம் 2022 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. தனி இணைப்பும் கேட்டு வாங்கலாம். அதற்காக 2024 பிப்ரவரியில் மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தினார்கள். ஆனால் கேபிள் போகும் சுவர் எல்லோருக்கும் பொது. அதனால்தான் உங்களிடம் வந்து நிற்கிறோம்.

லோடு தாங்குமா என்று கேட்பது நியாயம். இந்த பாயிண்ட் இழுப்பது சுமார் 3.3 கிலோவாட், ஒரு கீசரும் ஒரு ஏசியும் சேர்ந்து ஓடுவது போல. ஊருக்குள் நாளுக்கு 40 கி.மீ. ஓட்டினால் ஆறேழு யூனிட், இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும். ஆனால் பத்துக் கார் வந்துவிட்டால் கதை வேறு. எனவே இப்போதே உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரை வைத்து மொத்த லோடைக் கணக்குப் பாருங்கள். எல்லோருக்குமாக ஒரே கேபிள் ட்ரே போட்டுவிட்டால் ஆளாளுக்குச் சுவரை உடைக்க வேண்டாம்.

அப்புறம் தீ. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் எரிந்து தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் கேட்கிறேன்: நீங்கள் மறுத்தால் சார்ஜ் போடுவது நின்றுவிடுமா? எங்கள் முதல் மாடி பால்கனியிலிருந்து ஓர் எக்ஸ்டென்ஷன் ஒயர் தொங்குகிறது. மணிக்கணக்கில் கரண்ட் ஓடி, பிளக் முனை சூட்டில் பழுப்பேறிவிட்டது. மழை வந்தால் அதன்மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி வைக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில்தான் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். முறையான பாயிண்டை மறுத்ததால் வந்த ஆபத்து இது.

நிபந்தனை போடுங்கள், கறாராகவே போடுங்கள். லோடு மீறினால் துண்டிக்கும் தனி எம்சிபி, கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த் வேண்டும். மிக்ஜாம் புயலில் எத்தனையோ ஸ்டில்ட் பார்க்கிங்கில் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோம். பாயிண்ட் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை அந்த அளவை வைத்து முடிவு செய்யுங்கள். தண்ணீர் ஏறினால் அணைக்க மேலே ஒரு சுவிட்சும் இருக்கட்டும். இவற்றை ஒரு பக்கத்தில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டால், விண்ணப்பிப்பவருக்கும் வேலை செய்யும் எலக்ட்ரீஷியனுக்கும் குழப்பம் இருக்காது.

வாடகைக்கு இருப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் கொடுத்தால் அவர்களுக்கும் இதே அனுமதி கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டும் ஓர் உரிமையாளர்